மரகதத்துக்கு வந்த டிரங்க் கால்

சென்ற மாதம் எங்கள் தொலைபேசித் துறையின் பழைய ஊழியர்கள் கூடியபோது, இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் இரண்டு போன் வைத்திருந்தாள். "மேடம், அந்தக் காலத்துல ஊர்ல யார் என்ன பேசினாலும் நீங்க கேப்பீங்களாமே, நெசமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, சொஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு என் வருங்கால மாமியாரே கேட்டார்.

"கேட்போம். கேட்டுட்டு மறந்துடுவோம். அதுக்குத்தான் சம்பளம்" என்றேன்.

அவள் விடுகிற மாதிரி இல்லை. "மறக்க முடியாத கால் ஒண்ணுகூடவா இல்ல?" என்றாள்.

ஒன்று இருக்கிறது. அதை வெளியே சொல்ல எனக்கு அனுமதி தர வேண்டியவர் ஒரே ஒருவர்தான், மரகதம் அக்கா. போன பொங்கலுக்குப் பார்க்கப் போனபோது கேட்டுவிட்டேன். "எழுதேன், அதுல இன்னா கீது? ஊரே நின்னு பார்த்துக்கினு இருந்துச்சே" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் உத்திரமேரூர் எக்ஸ்சேஞ்சில் நான் டெலிபோன் ஆபரேட்டர். மெட்ராஸில் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது மூன்று விஷயம்: குரலை உயர்த்தாமல் எட்ட வைப்பது, அவசரத்தில் 'கார்டு' என்கிற இணைப்புக் கம்பியை மாற்றிச் செருகாமல் இருப்பது, சாம்பார் சாதத்தை மூன்று நிமிடத்தில் சாப்பிடுவது. மற்றதெல்லாம் உத்திரமேரூரில் பத்மாசனி அம்மாவிடம் வந்த பிறகுதான்.

எக்ஸ்சேஞ்ச் என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். பஜார் தெருவில் ஓட்டுக் கட்டடம். முன் அறையில் பொதுமக்கள் பேச ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு பெஞ்சு, பணம் கட்ட ஒரு ஜன்னல்; அதன் வழியாக உள்ளிருந்தே கூண்டும் வாசலும் தெரியும். உள் அறையில் ஆள் உயரப் பலகை. ஊரில் யாராவது தன் போனின் கைப்பிடியைச் சுற்றினால், இங்கே அவர் எண்ணுக்குரிய சின்னத் தகடு டப்பென்று விழும். ஒரு கார்டை அந்தத் துளையில் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். அவர் கேட்கிற எண்ணின் துளையில் இன்னொரு கார்டைச் செருகினால் இரண்டு பேரும் பேசலாம். உள்ளூருக்கு இவ்வளவுதான். வெளியூர் என்றால் காஞ்சிபுரத்துக்குப் போகும் ஒரே டிரங்க் லைன். அரிசி மண்டிக்காரர், தாசில்தார் ஆபீஸ், பிரசவ வலி கண்டவர் எல்லாருக்கும் அந்த ஒரு கம்பிதான். மழை பெய்தால் அதில் பாதிப் பேச்சு வழியிலேயே கரைந்துபோகும்.

பத்மாசனி அம்மா எங்கள் சூப்பர்வைசர். காஞ்சிபுரத்துக்காரர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்துக் கட்டியிருப்பார். காலையில் வந்ததும் ஹெட்செட்டை யூகலிப்டஸ் தைலம் தொட்ட பஞ்சால் துடைப்பார். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் பென்சிலின் பின்பக்கத்தால் தோளில் ஒருமுறை தொடுவார். அவ்வளவுதான். அந்தத் தொடலுக்கு நாங்கள் பயந்த மாதிரி என் அப்பாவின் பெல்ட்டுக்குக்கூட நான் பயந்ததில்லை.

கால் சேர்ந்ததும் சில நொடி மட்டும் பலகையில் 'சாவி' என்கிற விசையைத் தள்ளி நாங்கள் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் பேச்சு ஓடுகிறது என்று தெரிந்தவுடன் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கேட்டாலும் பென்சில் வரும். அப்படியும் காதில் விழத்தான் செய்யும். விழுந்ததைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது. "உனக்குத் தெரியும்னு மூஞ்சிகூடக் காட்டக் கூடாது" என்பார் பத்மாசனி அம்மா.

இன்னொரு முறை இருந்தது. லைன் மோசமாகி இரண்டு பக்கமும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காவிட்டால், நடுவில் இருக்கும் ஆபரேட்டர் வாங்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹெட்செட்டில் மட்டும் ஓரளவு கேட்கும். அப்படிச் சொல்லும்போது, பேசுகிறவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்ல வேண்டும். அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்'. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கேட்கிறவர் நம்மிடம் பேச ஆரம்பித்துவிடுவார், அந்தப் பக்கம் ஒருவர் காத்திருப்பது மறந்துபோகும். அப்படி நான் நெல் விலை பேசியிருக்கிறேன், மாப்பிள்ளை வீட்டாரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறேன், ஒருமுறை "ஏய், உன்னை வெட்டிப் போட்ருவேன்" என்றுகூட மிக மரியாதையான குரலில் சொல்லியிருக்கிறேன்.

இனி ஞானதாஸ் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிய காலனிக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கப் பழகினார், பிறகு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை கற்றார். இரண்டையும் சேர்த்து மெட்ராஸில் ஒரு ஒண்டுக் குடித்தன அறையில் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தார். பழைய ஆர்மோனியத்தின் கட்டைகள், உள்ளே ரேடியோ சாமான்கள், முகப்பில் வரிசையாகத் திருகும் குமிழ்கள். ஊதுவதும் இல்லை, மீட்டுவதும் இல்லை. கரண்ட்டே பாடும். அப்படி ஒன்றை இந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மெட்ராஸ் மெல்லிசைக் குழுக்களில் அவரை 'எலக்ட்ரானிக் ஞானதாஸ்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். எங்கள் ஊரில் அதன் பெயர் 'கரண்ட் பொட்டி'.

மாசித் திருவிழாவில் முதன்முதலாக அவர் அதை வாசித்த அன்று நான் முன் வரிசையில் இருந்தேன். ரசித்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கல்லெடுத்தார்கள். பெட்டிக்குள் ரெக்கார்டு ஓட்டி ஏமாற்றுகிறான் என்று சத்தம். ஞானதாஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கத்திய கூட்டத்திலேயே பெரிய குரல்காரரை மேடைக்குக் கூப்பிட்டார். அவர்தான் ஏகாம்பரம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர். "வாண்ணா, நீயே ஒரு கட்டைய அமுக்கு" என்றார் ஞானதாஸ். ஏகாம்பரம் பாம்பைத் தொடுகிற மாதிரி ஒரு விரலை வைத்தார். பெட்டி கன்றுக்குட்டியாகக் கத்தியது. ஏகாம்பரம் விரலை எடுத்தார், நின்றது. வைத்தார், கத்தியது. ஞானதாஸ் ஒரு குமிழைத் திருகினார், கன்றுக்குட்டி தவளையானது. அப்புறம் ஏகாம்பரத்தை மேடையிலிருந்து இறக்கவே முடியவில்லை.

கச்சேரி முடிவில் ஞானதாஸ் ஒன்று வாசித்தார். அதற்குப் பெயரெல்லாம் இல்லை. காய்ந்த வயலில் கரண்ட்டுக்குக் காத்திருக்கும் அமைதி முதலில். பிறகு எங்கோ ஒரு பம்புசெட் இருமும், திணறும், பிடித்துக்கொள்ளும். அப்புறம் பக்கத்து வயலில் ஒன்று, அதற்கடுத்து ஒன்று, கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். அவ்வளவும் அந்தப் பெட்டியில். கோவணம் கட்டிய பெரியவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். அது எங்கள் ஊர் ஆளுக்கு மட்டும் புரிகிற சிரிப்பு.

அந்த வருடமே ஏகாம்பரத்தின் கடை வாசலில் 'எலக்ட்ரானிக் ஞானதாஸ் ரசிகர் மன்றம்' என்று போர்டு ஏறியது. ஊர்த்தெருப் பையன்களும் காலனிப் பையன்களும் அந்தப் பெஞ்சில் கலந்து உட்கார்ந்தார்கள். எதிர்த்த டீக்கடையில் அப்போதும் காலனிக்காரர்களுக்குத் தனி கிளாஸ்தான். மன்றத்துக்கு டீ வாங்கினால் ஏகாம்பரம் தன் வீட்டுச் சொம்பைக் கொடுத்து வாங்கி வரச் சொல்வார்.

இந்த மன்றத்துக்காரர்கள் ஒருமுறை பெரிய முட்டாள்தனம் பண்ணினார்கள். மெட்ராஸிலிருந்து வந்த யாரோ, ஞானதாஸ் போன வேன் கவிழ்ந்து அவர் போய்விட்டார் என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டான். கேட்டவுடன் ஏகாம்பரம் உட்பட ஆறேழு பேர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் மீசையையும் எடுத்தார். மாலை கட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஏரிக்கரை வழியாகக் காலனிக்குப் போனார்கள்.

ஞானதாஸின் மனைவி மரகதம் அக்கா அங்கேதான் இருந்தார். மாமனாருக்குப் பக்கவாதம் என்பதால் அவர் மெட்ராஸுக்குப் போய் இருக்க முடியவில்லை. களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவருக்கு, கரையின் மேல் மொட்டைத் தலைகளும் மாலையும் ஒப்பாரியும் வருவதுதான் சேதி. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்த இடத்திலேயே வளையலை உடைத்துக்கொண்டு மயங்கி விழுந்துவிட்டார். மூன்றாம் நாள் ஞானதாஸ் முழுசாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். மன்ற வாசலில் வரிசையாக நின்ற மொட்டைகளைப் பார்த்து, "இன்னா நைனா, எந்தச் சாமிக்கு வேண்டுதலு?" என்றார். ஊரே சிரித்தது. மரகதம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு ரொம்ப நாள் கரைப் பக்கம் ஏதாவது கூச்சல் கேட்டால் அவர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பார் என்று மெசஞ்சர் கன்னியப்பன் எங்களிடம் சொன்னார்.

போன் இல்லாதவர்களுக்கு வெளியூரிலிருந்து கால் வந்தால், சைக்கிளில் போய் ஆளைக் கூட்டிவருவது கன்னியப்பன் வேலை. நாற்பது வயதிருக்கும். சுற்றுவட்டாரத்தில் அவருக்குத் தெரியாத வீடு இல்லை.

மேற்கொண்டு ஒன்றரை வருடம் போயிருக்கும். ஐப்பசி மாதம், விடிகாலையில் பெய்த மழை நின்று தூறிக்கொண்டிருந்தது. நான் அப்போதுதான் பலகையில் உட்கார்ந்தேன். டிரங்க் லைனில் காஞ்சிபுரம் ஆபரேட்டர் சரோஜா வந்தாள். முகம் பார்க்காமலே நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள்.

"மெட்ராஸ்லேருந்து பி.பி. கால். பார்ட்டி மரகதம், ஞானதாஸ் சம்சாரம், ஏரிக்கரை காலனி" என்றாள். அந்த ஆளே வந்தால்தான் பேச வேண்டும் என்று பதிவு செய்யும் காலுக்கு அந்தப் பெயர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராஜி, பேசறவர் ஒரே அழுகை" என்றாள்.

லைனைக் கொடுத்தாள். ஒரே இரைச்சல். அதற்கு அடியில் ஒரு ஆண் குரல். "யம்மா, நான் ஜோசப். அண்ணன் பொட்டிய தூக்கிக்கினு கூடவே போறவன். அண்ணிய சீக்கிரம் கூட்டாரச் சொல்லும்மா. அண்ணன் பூட்டாரு. வேற யாராவது அவுங்ககிட்ட சொல்லிடப் போறாங்க, நான் சொல்லணும்" என்றான்.

திரும்பிப் பத்மாசனி அம்மாவைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்த வேலையில் இருந்தவர்களுக்கு முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவரே முன் அறைக்குப் போய்க் கன்னியப்பனிடம், "காலனிக்குப் போங்க. மரகதத்துக்கு மெட்ராஸ் கால். வழியில யார் கேட்டாலும் நிக்காதீங்க" என்றார். கன்னியப்பன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், ஏகாம்பரம் ஜன்னலுக்கு வந்து நின்றார். கழுத்தில் இன்ச் டேப் தொங்குகிறது. தலைமுடியிலிருந்து தூறல் சொட்டுகிறது. பின்னால் மன்றத்துப் பையன்கள்.

"தங்கச்சி, காலைல பஸ்ஸுல வந்த கண்டக்டர் ஒண்ணு சொல்றான். போன வாட்டி மாதிரி ஏமாற மாட்டோம். இந்த வாட்டி கேட்டுட்டுத்தான் மறுவேலை. மெட்ராஸுக்கு ஒரு கால் போடு, ஞானதாஸ் வூட்டாண்ட கீற மளிகைக் கட நம்பரு" என்றார்.

அவர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போன முறை எல்லாரும் அவரைக் கேட்டது, ஏன்யா ஒரு போன் போட்டு விசாரிக்கக்கூடாதா என்றுதான். இப்போது விசாரிக்க வந்திருக்கிறார்.

"லைன்ல கால் இருக்குண்ணா. அது முடிஞ்சப்புறம்தான்" என்றேன்.

"யாரு கால்?"

"சொல்லக் கூடாதுண்ணா."

"மெட்ராஸ் காலா?"

நான் செருகியிருந்த கார்டை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லும்மா. அவுரு கீறாரா இல்லையா, அத்த மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பசங்களைக் கூட்டிக்கினு கடைக்குப் பூட்றேன்."

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிக் காட்ட என்னால் முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் சொன்னால் அவர் அங்கேயே விழுந்து அழுவார். பின்னால் இருக்கும் பையன்கள் அழுவார்கள். பஜார் முழுக்கப் பரவும். கன்னியப்பனோடு வரப்போகும் மரகதம் அக்கா, ஜோசப்பின் வாயால் கேட்பதற்கு முன்னால் மறுபடியும் ஒரு தெருவின் ஒப்பாரியிலிருந்து தெரிந்துகொள்வார். ஒரு பெண்ணுக்கு ஒரே விஷயம் இரண்டு முறை அப்படி நடக்கக் கூடாது. எனக்கு அன்று பட்டது அது ஒன்றுதான். விதி என்ன சொல்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

தோளில் பென்சில் தொடும் என்று நினைத்தேன். தொடவில்லை. பத்மாசனி அம்மா என்னைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு வாசல் படிக்குப் போனார். டியூட்டி நேரத்தில் அவர் வாசலைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. அதற்குள் தெருவில் நல்ல கூட்டம். டீக்கடைக்காரர், மண்டி மூட்டைக்காரர்கள், காலனிப் பையன்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். ஆளுக்கொரு பேச்சு.

"டிரங்க் லைன் ரொம்ப மோசமா இருக்கு" என்றார் பத்மாசனி அம்மா. அதே உயராத குரல்தான், ஆனால் கடைசி ஆள் வரை போனது. "இப்ப ஒருத்தங்க வந்து பேசணும். நீங்க சத்தம் போட்டா அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது. கொஞ்சம் வழி விட்டு, பேசாம நிக்கணும்."

ஏகாம்பரமும் வெளியே வந்து படிக்குக் கீழே நின்று அவரை நிமிர்ந்து பார்த்தார். "யாரு மேடம் வர்றாங்க?" என்றார்.

பத்மாசனி அம்மா பதில் சொல்லவில்லை. அவர் பொய்யும் சொல்லமாட்டார்.

ஏகாம்பரத்துக்கு விளங்கிவிட்டது. ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் கோணிற்று. இன்ச் டேப்பின் நுனியை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்.  பிறகு டேப்பை எடுத்துவிட்டு, பையன்கள் பக்கம் திரும்பி, "தா பாருங்கடா. மரகதம் வருது. அது உள்ள போயி, பேசி, வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கக்கூடாது. மூக்கக்கூட உறியக்கூடாது. எவனுக்காவது தாங்கலைன்னா இப்பவே வூட்டுக்குப் போ" என்றார்.

ஒருவரும் போகவில்லை. ஒரு பையன் ஓடிப்போய் டீக்கடை ரேடியோவை நிறுத்தினான். தெருக்கோடி ரைஸ்மில்லில் எஞ்சின் ஓட்டுபவரும் மன்றத்து ஆள்தான். அவர் போய் மில்லை நிறுத்தினார். நாளெல்லாம் கேட்டுப் பழகிய அந்த உறுமல் நின்றபோதுதான், பஜாரில் அதற்கடியில் இத்தனை சின்னச் சத்தங்கள் இருந்தன என்று தெரிந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், மாட்டு வண்டியில் கட்டிய மாடு வைக்கோல் மெல்லுவதும் கேட்டது.

கன்னியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மரகதம் அக்கா பக்கத்தில் நடந்து வந்தார். நடவு வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஆண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். காலனிப் பெண் ஒருவர் நடந்துவர, பஜார் தெரு அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மரகதம் அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு முகமும் அவருக்கு எதையும் சொல்லவில்லை. சிலர் தலையைக் குனிந்து தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள். ஒரு பையன் தன் சட்டையின் கைப்பகுதியை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தார். "அலோ" என்றார். நான் கார்டைச் செருகி, "மெட்ராஸ், பார்ட்டி லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்றேன்.

ஜோசப் பேசினான். மரகதம் அக்கா, "அலோ, யாரு? ஒண்ணும் கேக்கல" என்றார். ஜோசப் மறுபடியும் பேசினான், கத்தினான். "இன்னாம்மா இது, இரைச்சலா கீது" என்றார் அவர். அந்தப் பக்கம் ஜோசப்பும், "அண்ணி, கீறீங்களா? அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் இரண்டும் கேட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.  பத்மாசனி அம்மா பின்னால் வந்து நின்று, "நான் உக்காரட்டுமா ராஜி?" என்று மெதுவாகக் கேட்டார்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்த அக்கா லைனில் முதலில் கேட்டது என் குரல். நடுவில் இன்னொரு குரல் வந்தால் பயந்துவிடுவார். பத்மாசனி அம்மா என் தோளில் கை வைத்தார். பென்சில் இல்லை, கை. கடைசி வரை எடுக்கவில்லை.

"லைன் சரியில்ல. அவங்க சொல்றத நான் வாங்கிச் சொல்றேன். நீங்க சொல்றதையும் அங்க சொல்றேன்" என்று இரண்டு பக்கமும் சொன்னேன். பிறகு ஜோசப் சொன்னதைச் சொன்னேன்.

"அண்ணி, நான் ஜோசப்."

"சொல்லு ஜோசப்பு."

"அண்ணி, நீங்க உக்காந்துக்கோங்க."

"இங்க உக்கார எடம் இல்ல. நிக்கிறேன், சொல்லு."

ஜோசப் அழுதான். அழுகையை நான் எப்படி வாங்கிச் சொல்வது? காத்திருந்தேன். மரகதம் அக்காவும் காத்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முதுகு தெரிந்தது.

"அண்ணி, அண்ணன் பூட்டாரு" என்றேன். என் வாயில் வராத 'பூட்டாரு'. அப்படியேதான் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. நெற்றியைக் கூண்டுக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எப்பிடி?" என்றார். அந்தக் கேள்வியை அங்கே சொன்னேன். ஜோசப்பின் பதிலை வாங்கி இங்கே சொன்னேன்.

"விடிகாலைல எழுந்து பொட்டியாண்ட உக்காந்தாரு அண்ணி. புதுசா ஒண்ணு வாசிச்சுக்கினு இருந்தாரு. நான் பக்கத்து ரூம்ல பட்த்துக்கினு இருந்தேன். ஒரே சத்தம் நீட்டமா வந்துச்சு, நிக்கல. எதையோ இழுத்துப் பாக்கறாருன்னு நெனச்சு கேட்டுக்கினே இருந்தேன். மாறவே இல்லைன்னு எழுந்து போய்ப் பாத்தா, கட்டை மேலயே சாஞ்சு கெடந்தாரு. கை அதும் மேல. மார் அடைப்புன்னு டாக்டரு சொன்னாரு. வலியெல்லாம் இருந்திருக்காதாம் அண்ணி."

வேறு எந்த வாத்தியமாக இருந்தாலும் வாசிக்கிறவர் நின்றால் நின்றுவிடும். அவர் பெட்டி நிற்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் நிறைந்து பலகை மங்கிவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

மரகதம் அக்கா கேட்டார்: "அந்தச் சத்தத்த யாரு நிறுத்துனது?"

கேட்டேன். பதிலைச் சொன்னேன். "நான்தான் அண்ணி. கைய எடுத்து மடியில வச்சுட்டு, அப்புறமா நிறுத்துனேன்."

"நீ நிறுத்துனியா. சரி. நீன்னா சரிதான்" என்றார். பிறகு, "நீ அழுவாத ஜோசப்பு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்ட்டு இருக்க மாட்ட. நாஷ்டா எதாவது துன்ட்டு, அவுர இட்டுக்கினு வா. இங்கதான் வெக்கணும், ஏரிக்கரைல" என்றார்.

அதையும் அப்படியே சொன்னேன். "நீ அழுவாத ஜோசப்பு" என்று முன்பின் தெரியாத ஒரு ஆணிடம் நான் சொன்னேன். அவன் "சரி அண்ணி" என்று எனக்குச் சொன்னான். அத்துடன் லைன் போய்விட்டது.

பத்மாசனி அம்மா என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். இந்த முறை துடைக்கவில்லை. "நான் பாத்துக்கறேன். நீ அந்தப் பொண்ணோட போ" என்றார்.

முன் அறைக்கு வந்தேன். மரகதம் அக்கா ரிசீவரைப் பதமாக அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இத்தினி நேரம் சொன்னது நீயா?" என்றார்.

"ஆமாங்கா."

"நல்லபடியா சொன்னம்மா" என்று என் கன்னத்தைத் தொட்டார். கையில் சேறு காய்ந்திருந்தது.

வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். தெரு நாங்கள் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. தூறல் வலுத்திருந்தது, ஒருவரும் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கவில்லை. ஏகாம்பரம் படிக்குக் கீழே, இரண்டு கையாலும் இன்ச் டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.  வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் எத்தனையோ பேருக்குக் கண்ணீர் வழிந்தது, ஒரு விசும்பல் வெளியே வரவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் உள்ளே போராடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இவர்கள் வெளியே தங்கள் அழுகையைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மரகதம் அக்கா படியின் மேல் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எதற்காக இத்தனை ஆண்கள் வாயை மூடிக்கொண்டு மழையில் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். ஒரு படி இறங்கினார். ஏகாம்பரத்தின் கையிலிருந்து டேப்பை மெல்லப் பிரித்து எடுத்தார்.

"நான் கேட்டுட்டேன் நைனா" என்றார். "இப்ப அழுவுங்க."

ஏகாம்பரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அவர், பிறகு சுவரோரம் நின்றவர்கள், பிறகு தெரு முழுக்க. அவர்கள் எல்லாரும் அழ ஆரம்பித்த பிறகுதான் மரகதம் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.